உள்ளூர்க் குடும்பம் ஒன்று

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் குசினிப் பக்கத்தால்தான் போவார். முன்படலை அகலத் திறந்து கிடந்தாலும், வீட்டுக்காரர் வாசலில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டாலும், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, வேலியோரமாகச் சுற்றி, கோழிக்கூட்டையும் விறகுக் கும்பியையும் தாண்டிப் பின்பக்கத்தில் வந்து நிற்பார். "முன்னுக்கு வாங்கோவன்" என்று சொல்பவர்களுக்கு அவரிடம் ஒரே மறுமொழிதான்.

"இங்கால காத்து நல்லா வருது."

குசினிப் பக்கத்தில் எங்கே காற்று வருகிறது? புகைதான் வரும். எங்கள் பெரியக்காவின் கலியாணத்துக்கு, கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு வந்தவர், பந்தலை எட்டியும் பார்க்காமல் பின்வளவுக்குப் போய்ச் சமையற்காரரோடு குந்தியிருந்து வெங்காயம் உரித்தார். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன வேலை இது? எழும்புங்கோ. மாப்பிள்ளை வீட்டாக்கள் பாத்தா என்ன நினைப்பினம்?"

கண்ணிலிருந்து நீர் வடிய வடிய, "நீங்கள் போய் அலுவலைப் பாருங்கோ. இங்கால காத்து நல்லா வருது" என்றார். தாலிகட்டு மேளம் அவருக்கு அங்கேதான் கேட்டது. கேட்டவுடன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்து, மேளம் அடங்கும்வரை எழும்பி நின்றாராம். சமையற்காரர் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போனால் பியோன்மார் தேத்தண்ணி போடுகிற பின்கதவைக் கண்டுபிடித்துவிடுவார். ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கப் போனால் சாப்பாட்டு வண்டில் போகிற வழியால் போவார். காளி கோயிலிலும் தேர் பார்க்க மடைப்பள்ளிப் பக்கம்தான். ஊருக்கு இது ஒரு பகிடி. பகிடிக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத இருந்தேன். இருந்துவிட்டுப் பலமுறை எழும்பிப் போயும்விட்டேன். எதையும் ஒரே மூச்சில் எழுதி முடிக்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

அவருடைய வீடு திருகோணமலை உள்துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியில் இருந்தது. ஒல்லாந்தர் காலத்து வீடு. ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய தடிப்பில் சுவர். கடலைப் பார்த்த நீண்ட விறாந்தையில் வரிசையாக உருண்டைத் தூண்கள். யானையே நுழையலாம் போன்ற தேக்கங்கதவு. அந்தக் கதவு திறந்து நான் சின்ன வயதில் கண்டதேயில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் அவர் சீவித்தது குசினியிலும் அதை ஒட்டிய தாழ்வாரத்திலும்தான். கலியாணம் கட்டவில்லை. பின்வளவு வேம்பின் கீழ் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்துவார். வெள்ளைக்காரனின் நேவி இங்கே இருந்த காலத்தில் பழகிய தொழில். எஞ்சினோடு காதை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கொண்டுவந்தவன் வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார்.

"நீ கதைச்சா அது கதைக்காது."

அவருக்குப் பூனைக்கண். இளமையில் தலைமயிர் செம்பட்டையாக இருந்ததாம். அதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. அந்த வீட்டில் ஒரு காலத்தில் நேவித் துரை ஒருவர் தனியாக இருந்தார். அவருக்குச் சமைத்தவள் திரியாய்க் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. துரை சீமைக்குப் போகும்போது வீட்டை அந்தப் பிள்ளையின் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைதான் இவர்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கதை மீன்விலைக்கு மாறிவிடும். அதை நாங்கள் பெரிய பண்பாக நினைத்தோம். எங்களைப் போன்ற சிறிசுகளுக்குத்தான் அந்தப் பண்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்வேலிக்கு மேலால் எட்டி, "பின்வாசல் துரை, பின்வாசல் துரை" என்று கத்திவிட்டு ஓடுவோம். "ஓம் ராசாத்தி, துரை வாறன், நில்லுங்கோ" என்று ஸ்பனரை ஆட்டிக்கொண்டு இரண்டடி துரத்துவது போலப் பாசாங்கு செய்வார்.

"பாவமடி அந்த மனுசன்" என்பாள் அம்மா. "தாயின்ர கதையால வந்த வெக்கம். முன்வாசலால போனா ஆக்கள் பாப்பினம், பாத்தா நினைப்பினம் எண்டு பயம். மனசுக்குள்ள புழுங்கிக்கொண்டு திரியுறார்."

அவர் ஏன் பின்பக்கத்தால் திரிகிறார் என்று அவரையே கேட்க வேண்டிய தேவை இதனால் எவருக்கும் வரவில்லை. விடை முதலே எங்கள் கையில் இருந்தது.

பேராதனையில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கி வந்தேன். வேலை கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பட்டதாரிகள் எல்லோருக்கும் அதே கதைதான். கொழும்புப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து, உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்டவென்று பழைய வீடுகளை வாங்கி இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு இரத்தம் கொதித்தது. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியார், கிண்ணியாவிலிருந்து வந்து துறைமுகப் பக்கத்தில் மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருந்த ஒரு முதலாளி என மூன்று பெரியவர்களைப் பிடித்துக் குழு ஒன்று அமைத்தேன். பழைய வீடுகளை ஊரின் பாதுகாக்கப்பட்ட இல்லங்களாக நகரசபை தீர்மானிக்க வேண்டும், முகப்பில் எவரும் கை வைக்கக்கூடாது, வாசலில் ஒரு கல் பதிக்க வேண்டும் என்று விதிகளைக்கூட நானே எழுதினேன். முதல் வீடு எது என்பதில் எங்களுக்குள் சந்தேகமே இல்லை.

அவருடைய முன்கதவில் போய்த் தட்டினேன். கை நொந்ததுதான் மிச்சம். வீட்டைச் சுற்றி அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை அங்கயோ தட்டினது? அது திறக்காது. இங்கால வாங்கோ, காத்து நல்லா வருது."

குசினியில் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தான் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் இருந்தார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"இது வீடில்லை ஐயா, சரித்திரம்! தீர்மானம் போட்டா ஒருத்தரும் கிட்ட வர ஏலாது. மாவட்டத்து அரசாங்க அதிபரைக் கூப்பிட்டுக் கல்லுத் திறப்பம்."

"கல்லில என்ன எழுதுவியள்?"

"வீட்டின்ர வரலாறு. ஆர் கட்டினது, ஆர் இருந்தது எல்லாம்."

"இருந்த எல்லாற்ற பேருமோ?"

"எல்லாற்ற பேரும்."

"முன்வாசல்லயோ வைப்பியள்?"

"முன்வாசல்லதான். பின்ன குசினியிலயோ வைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

தூண்களை அளக்க அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்தார். விறாந்தையில் ஏறவில்லை, கீழே மணலில் நின்றபடியே கையை நீட்டிப் பிடித்தார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கோட்டைக்குள்கூட இப்படிப் பருமனான தூண் இல்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா பின்னேரத்தில இந்தத் தூணில சாய்ஞ்சிருந்து கடலைப் பாக்கிறவ. துரை வெளியில போன நேரத்தில மட்டும். பின்பக்கக் கோடியால சுத்தி வந்து இதில இருப்பா."

பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். அவள் தகப்பனின் பெயரோடு சேர்த்து, சொல்வதெழுதுதல் வகுப்பில் வாத்தியார் சொல்வது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எழுதிக்கொள்ளுங்கோ பிள்ளை."

"ஓம் ஓம்" என்றேன். தூணின் சுற்றளவை எழுதினேன்.

அதற்கடுத்த கிழமை துறைமுக வீதி முழுவதும் ஒரே கதை. அவர் முன்கதவில் வேலை செய்கிறார்! பிணைச்சல்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். துரு சுரண்டினார். கிறீஸ் பூசினார். தேக்குக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் தெரியப் பண்ணினார். வள்ளக்காரர் தங்கள் எஞ்சின்களைப் போட்டுவிட்டு வீதியில் நின்று பார்த்தார்கள். அவர் வளவின் பின்வேலியோடுதான் முதலாளியின் மரக்காலை இருந்தது. முதலாளி என்னைக் கண்டதும் சைக்கிளை நிற்பாட்டினார்.

"தங்கச்சி, என்ன மருந்து குடுத்தீங்க? நானும் இத்தன வருசமா பக்கத்துல இரிக்கன், அந்தக் கதவு தொறந்து பாக்கல்ல. மனிசன் பாட்டுப் படிச்சிக்கிட்டு வேல செய்றாரு!"

"அரசாங்க அதிபர் வாறார் எல்லே, அதுதான்" என்றேன் பெருமையாக.

போய்ப் பார்த்தேன். உள்ளே நின்று கதவை அகலத் திறந்தார், மூடினார், திறந்தார். சத்தமே இல்லை. ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

"வெளியில வந்து பாருங்கோவன் ஐயா, எவ்வளவு வடிவா இருக்கு."

"இப்ப இல்லை. கல்லு வைச்ச பிறகு. அண்டைக்கு நான் வீதியால வந்து, இதால உள்ளுக்கு வருவன்." சின்னப்பிள்ளை பெருநாளுக்குச் சட்டை வைத்திருப்பதைச் சொல்வது போல இருந்தது.

கல்லில் வெட்டவேண்டிய வசனங்களை முடிவு செய்யத் தலைமையாசிரியரின் வீட்டில் கூடினோம். கட்டிய காலம் எழுதியாயிற்று. துரையின் பெயரை முழுமையாக, பட்டங்களோடு போட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார், போட்டோம். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. துரையிடமிருந்து வீடு எப்படி இவரிடம் வந்தது?

முதலாளிதான் தொடங்கினார். "அவர்ட உம்மாட பேரப் போட்டா என்ன?"

"போட்டு?" என்றார் பிரக்கிராசியார். "துரையின்ர மனுசி எண்டு போடுறதோ? சமையற்காரி எண்டு போடுறதோ? வாறவன் போறவன் எல்லாம் நிண்டு வாசிச்சுச் சிரிக்கவோ?"

"அந்த மனுசன் இவ்வளவு காலமும் முகம் குடுக்க ஏலாமப் பின்னால திரியுது" என்றார் தலைமையாசிரியர். "நாங்கள் அதைக் கல்லில வெட்டி அவற்ற முன்வாசல்லயே நட்டுவைக்கிறதோ? பாவம் கிடைக்கும்."

"அப்ப அவர்ட்டயே ஒரு சொல்லுக் கேட்டுப் பாப்பமே."

முதலாளி சொன்னது அவ்வளவுதான். ஒருவரும் மறுக்க முதல் நான் குறுக்கே விழுந்தேன்.

"ஐயோ, அதைப் போய்க் கேட்டாலே அவருக்குச் சங்கடம். நான் பக்குவமா ஒண்டு எழுதுறன்."

எழுதினேன். 'பின்னர் இவ்வில்லம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் உடைமையாயிற்று.' பிரக்கிராசியார் இரண்டு தரம் வாசித்தார். "ஆரையும் நோகடிக்கேல்லை. பொய்யும் இல்லை" என்றார். தலைமையாசிரியர் என் தலையில் கை வைத்து, "இதுதான் படிப்பு எண்டுறது" என்றார். முதலாளி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணடியில் அவர் ஒரு பெயரைச் சொன்னது எனக்கு அப்போது நினைவு வரவில்லையா? வந்தது. வயதுபோனவர்கள் ஏதோ நினைவில் சொல்வதுதானே என்று அதை ஒதுக்கிவைத்தேன்.

திறப்பு விழாவன்று வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைகள். கல் ஒரு மஞ்சள் துணியால் மூடியிருந்தது. சொன்னபடியே அவர் வீதியில் நின்றார். புது வேட்டி, புதுச் சேட்டு, தோளில் சால்வை. முன்வாசலுக்கு நேரே நின்ற அவரைப் பார்த்து வள்ளக்காரர் சிலர் கைதட்டினார்கள். "துரை இண்டைக்கு மாப்பிள்ளை!" என்று எவனோ கத்தினான். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அரசாங்க அதிபர் துணியை நீக்கினார். தலைமையாசிரியர் தன் வகுப்பறைக் குரலில் கல்லை வாசித்தார். துரையின் பட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் வசனம் அவருக்குப் பிடிக்கும் என்று. கடைசி வசனம் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. இன்னும் வாசிப்பு முடியவில்லை என்பது போலத் தலையைச் சற்றுச் சரித்து, எஞ்சினுக்குக் காது கொடுக்கிற அதே சரிவில், நின்றுகொண்டிருந்தார்.

ஆட்கள் உள்ளே போகத் தொடங்கியபோது அவரைக் காணவில்லை.

"வீட்டுக்காரர் எங்கே?" என்று அரசாங்க அதிபர் கேட்டார். நான் ஓடினேன். குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, முன்னுக்கு வாங்கோ. உங்களைத்தான் கேக்கினம்."

"தண்ணி கொதிக்குது பிள்ளை."

"அதுக்கு ஆக்கள் இருக்கினம்."

"இருக்கினம்தான்." ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தார். "அந்தக் கடைசி வசனம் ஆர் எழுதினது?"

"நான்தான்."

"வடிவான தமிழ்." குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரியாதவர். "உள்ளூர்க் குடும்பம் எண்டா ஆர் பிள்ளை?"

"நீங்கள்... உங்கட ஆக்கள்..."

"எனக்கு ஒரு ஆள்தானே இருந்தவ."

அவசரமாகச் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். "உங்களுக்குச் சங்கடமா இருக்கும் எண்டுதான் ஐயா, எல்லாரும் யோசிச்சு..."

"எனக்கோ?" உண்மையாகவே திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தப் பூனைக்கண்களை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முதல் நான் கண்டதில்லை. "எனக்கென்ன சங்கடம்? சமைச்சுப் போட்டு என்னை வளத்தவ. ஊர் என்னோட நல்ல மாதிரி, நான் குறை சொல்லேல்லை. ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன்ர அம்மாவின்ர பேர் என்னடா எண்டு கேட்டதில்லை. அவவின்ர ஆக்களும் திரும்பிப் பாக்கேல்லை. வீட்டு உறுதிப் பத்திரத்திலயும் அவ இல்லை. எனக்குப் பிறப்புப் பதிவும் இல்லை. ஒண்டிலயும் இல்லை."

தேயிலையைப் போட்டு மூடினார்.

"அவ அந்த முன்கதவால வந்ததே இல்லை பிள்ளை. துரை கூப்பிட்டாலும் வரமாட்டா. 'எனக்கு இங்கால காத்து நல்லா வருது' எண்டுவா. அவ வராத வாசலால நான் ஏன் வரோணும் எண்டு இருந்திட்டன். எந்த வீட்டிலயும்தான். இப்ப கல்லில அவ முன்னுக்கு வந்திட்டா, பிறகு நானும் வரலாம் எண்டு..." தட்டத்தில் கோப்பைகளை அடுக்கி என் கையில் தந்தார். "கொண்டு போய்க் குடுங்கோ. ஆறிப்போகும்."

அப்போதாவது கேட்டிருக்கலாம். அம்மாவின் பெயர் என்ன ஐயா என்று. நாலு சொல். ஆனால் அவர் அதை ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார், நிறுத்தி நிறுத்தி. எழுதவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கத்தில் நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். அரசாங்க அதிபர் தேத்தண்ணி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் முன்கதவு பூட்டியிருந்தது. அவர் என்னோடு கோபிக்கவில்லை. அதே மாதத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்ப் பம்பைத் திருத்த வந்தார், பின்வளவால். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். நான் அறைக்குள் இருந்துகொண்டு, குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

கல்லை மாற்றலாமா என்று பிரக்கிராசியாரைக் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"பாதுகாக்கப்பட்ட முகப்பு பிள்ளை. அதில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் இனித் தீர்மானம் வேணும். நீர்தானே அந்த விதியை எழுதினது? சரி, என்ன பேர் போடோணும் எண்டு சொல்லும், அடுத்த கூட்டத்தில வைப்பம்."

"கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

கேட்கவில்லை. மூதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. லோஞ்சில் துறைமுகத்தைக் கடக்கும்போது தூரத்தில் அந்தத் தூண்கள் வெள்ளையாகத் தெரியும். நான் மற்றப் பக்கம் திரும்பி இருந்துகொள்வேன். அடுத்த தவணை விடுமுறையில் கட்டாயம் போவேன் என்று நினைப்பேன். விடுமுறையில் வேறு வேலை வரும்.

ஒரு மாரியில் அவர் செத்துப்போனார் என்று அப்பா ஆள் அனுப்பினார். நான் போனபோது உடலைக் குசினித் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள். வள்ளக்காரர், பிரக்கிராசியார், தலைமையாசிரியர், வீதிப் பெண்கள் எல்லோரும் அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். பெரிய மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. முதலாளி மழையில் நனைந்துகொண்டு தன் ஆட்களைக் கொண்டு மரக்காலை வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பின்பக்கத்தால கொண்டு போகச் சொல்லி எனக்கிட்டச் சொல்லியிருந்தாரு. ஒடுக்கமான வழி. பாடையச் சரிக்காமக் கொண்டு போகணும்."

"பிரேதத்தைக் கோடியால கொண்டு போறதோ? எங்கயும் கண்டிருக்கிறியளோ?" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். முதலாளி திரும்பியும் பார்க்காமல் அடுத்த மரத்தைப் பிடுங்கினார்.

கிரியை செய்ய வந்த ஐயர் தர்ப்பையை விரலில் போட்டுக்கொண்டு கேட்டார். "தகப்பன்ர பேர்?"

கல்லில் துரையின் பெயரைப் பட்டங்களோடு வாசித்த தலைமையாசிரியரும் நிலத்தைப் பார்த்தார்.

"சரி, தாயின்ர பேரையாவது சொல்லுங்கோ."

அத்தனை பேர் நின்றோம். அவர் திருத்திய எஞ்சினில் ஓடுகிறவர்கள், அவர் உரித்த வெங்காயத்தைத் தின்றவர்கள். முதலாளி மண் கையோடு உள்ளே வந்தார்.

"தங்கச்சிக்குத் தெரியும். தூண் அளக்கக்குள்ள சொல்லியிருக்காரு. அண்டைக்கே வேலிக்கிட்ட வந்து எனக்கிட்டச் சொன்னாரு, 'பிள்ளை உம்மாட பேர எழுதிக்கிட்டா' எண்டு. அவ்வளவு சந்தோசம் மனிசனுக்கு. சொல்லுங்க தங்கச்சி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். மணலில் நின்ற அவரும், நீட்டிய கையும், நாடாவின் முனையும் கண்ணுக்குள் வந்தன. அவருடைய உதடுகள் அசைந்ததும் வந்தது. சத்தம் வரவில்லை. தூணின் சுற்றளவு வந்தது, அங்குலம் தவறாமல்.

ஐயர் "பார்வதி எண்டு சொல்லி நடத்துவம்" என்றார். உலகத்துத் தாய்மாருக்கெல்லாம் பொதுவான பெயர்தானே. பார்வதியின் மகனாக அவர் மரக்காலை வழியால் போனார். பெண்கள் நாங்கள் பின்படலையோடு நின்றுவிட்டோம்.

போன மாதம் குச்சவெளி வழியாகப் போகிற பஸ்சில் ஏறித் திரியாய்க்குப் போனேன். வயதுபோன பெண்கள் இரண்டு பேர் ஒரு வளவில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன்: இந்த ஊரிலிருந்து முந்தித் திருகோணமலைக்குச் சமைக்கப் போன ஒருத்தி, ஒரு துரை வீட்டில் இருந்தவள், ஒரு ஆண்பிள்ளை பெற்றவள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சட்டென்று எழும்பிக் கோழி கலைக்கப் போய்விட்டாள். மற்றவள் நெல்லைக் காலால் துழாவியபடி நின்றாள்.

"பேரைச் சொல்லு பிள்ளை. பேரைச் சொன்னாத்தானே ஆளைச் சொல்லலாம்."

"பேர் தெரியாது ஆச்சி. அவவின்ர மகன் ஒருக்கா எனக்குச் சொன்னவர்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் தோற்பையை, கண்ணாடியை, பையில் செருகியிருந்த பேனையை.

"படிச்ச பிள்ளை மாதிரி இருக்கு" என்றாள். "எழுதி வைக்கேல்லையோ?"